முள்ளம்பன்றிக்குள் இருந்தவர்

என் வேலை அழிப்பது. புனேயில், மகர்பட்டாவில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்து, சினிமாக்காரர்கள் எடுத்து அனுப்பும் காட்சிகளில் இருக்கக் கூடாதவற்றை அழிக்கிறேன். கதாநாயகனைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பி, கண்ணாடியில் தெரிந்துவிட்ட கேமராக்காரர், ராஜா காலத்துக் கோட்டைக்குப் பின்னால் நிற்கும் மொபைல் டவர். அழித்த இடத்தில் இயல்பாக என்ன இருந்திருக்குமோ அதைக் கொண்டு நிரப்பவும் வேண்டும். வானம் என்றால் வானம், சுவர் என்றால் சுவர். வேலை ஒழுங்காக நடந்திருந்தால் நான் ஒன்று செய்திருக்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாது. சாங்வியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பல வருடங்களாக என்னை கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

ஒரு வருடம் எங்களுக்கு முள்ளம்பன்றிப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்திலும் நான் வேலை செய்திருந்தேன். குழந்தைகளுக்கான இந்திப் படம். ஒரு நகரத்துக் குடும்பத்தின் வீட்டுப் பரணில் பேசும் முள்ளம்பன்றி ஒன்று குடியேறிவிடுகிறது. அது தும்மினால் முட்கள் பறக்கும். முள் எதில் குத்துகிறதோ அதுவும் பேச ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜ் பேசும், செருப்பு பேசும், அடுத்த வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் அவருடைய ரகசியங்களையெல்லாம் சொல்லும். மனிதர்கள் நிஜ நடிகர்கள், முள்ளம்பன்றி மட்டும் கம்ப்யூட்டரில் வரைந்தது. முதல் பாகத்தில் அது பூனை அளவுதான் இருந்தது. படப்பிடிப்பில் அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பஞ்சுப் பொம்மையை வைத்து எடுத்திருந்தார்கள். நாங்கள் பொம்மையை அழித்தோம், பக்கத்து அறையில் இருந்தவர்கள் அங்கே முள்ளம்பன்றியை வரைந்தார்கள். சுலபமான வேலை.

இரண்டாம் பாகத்துக்குக் கதை எழுதியவர்கள் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்: இப்போது அது ஆளுயரம் வளர்ந்துவிட்டது.

ஆளுயரப் பஞ்சுப் பொம்மை நடக்காது, உட்காராது, ஃப்ரிட்ஜைத் திறக்காது. அதனால் ஓர் ஆளைப் போட்டார்கள். தலை முதல் கால் வரை உடம்பை ஒட்டிய பச்சை உடை. வயிற்றிலும் முதுகிலும் பஞ்சு மூட்டை கட்டி அதன் மேலும் பச்சைத் துணி. முகத்தில் பச்சை வலை. முள்ளம்பன்றி அவரைவிட உயரம் என்பதால், தலைக்கு மேல் ஒரு குச்சி, குச்சியின் நுனியில் இரண்டு கண் வரைந்த பந்து. நடிகர்கள் அந்தப் பந்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பிறகு எங்கள் ஆட்கள் அவர் மேலேயே முள்ளம்பன்றியை வரைவார்கள். ஆனால் மனிதனின் உருவமும் முள்ளம்பன்றியின் உருவமும் அப்படியே பொருந்துமா? இங்கே ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே ஒரு முட்டி. அதையெல்லாம் ஒவ்வொரு பிரேமாக அழிப்பதுதான் என் பங்கு.

எங்கள் குழுவில் அவருக்கு 'ஹரா' என்று பேர். இந்தியில் பச்சை. 'ஹராவோட கை வெளிய வருது', 'ஹராவோட நிழல் மட்டும் இருக்கட்டும்' என்று நாள் முழுவதும் பேசிக்கொள்வோம். அவருக்கு ஒரு முகம் இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை.

எங்களுக்கு வரும் காட்சிகளில் வழக்கமாக ஒலி இருக்காது. ஒரு முறை, ஃப்ரிட்ஜும் முள்ளம்பன்றியும் சண்டை போடும் காட்சிக்கு, யார் எப்போது பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒலியோடு அனுப்பியிருந்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினேன். முள்ளம்பன்றியின் வசனத்தைப் பச்சை உடைக்காரரே சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தமான இந்தி. பின்னால் அதற்கு ஒரு பெரிய நடிகர் குரல் கொடுக்கப் போகிறார், இது எதிரே நடிப்பவர்களின் வசதிக்காக மட்டும். டைரக்டர் 'கட்' சொன்னார். கேமராவை உடனே நிறுத்தவில்லை போலிருக்கிறது. ஆட்கள் கலைவது தெரிந்தது. அப்போது பச்சை வலைக்குள்ளிருந்து அதே குரல் தமிழில் சொன்னது:

"அம்மாடி... இந்தத் தலைய கயட்டுங்கப்பா. கயுத்து ஒடஞ்சி போச்சு."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த நாக்பூர்ப் பெண் திரும்பி, "க்யா ஹுவா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் தளத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் அப்பா வங்கி வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து புனே வந்தவர். எனக்குத் தமிழ் என்றால் வீட்டுக்குள் பேசுவது. வெளிக் கதவைச் சாத்தியதும் இந்தியோ மராட்டியோ ஆரம்பித்துவிடும். அலுவலகத்தில், அதுவும் முள்ளம்பன்றியின் வாயிலிருந்து, அதை எதிர்பார்த்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாக் காட்சிகளையும் ஒலியோடு அனுப்பச் சொல்லி எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அசைவுகளின் நேரத்தைக் கணிக்க வசதியாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். அது பொய்யும் இல்லை. அவர் சரி என்றுவிட்டார்.

அப்புறம் பல மாதங்கள் அவரைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். பெரும்பாலும் கட் சொன்ன பிறகு கேமரா ஓடும் சில நொடிகளில்தான் அவர் தமிழ் வெளியே வரும். அந்த உடைக்குள் இருக்கும் சூட்டைப் பற்றி, "இட்லி குண்டானுக்குள்ள உக்காந்துனு கீற மாதிரி கீது" என்பார். உட்கார்ந்து எழும் காட்சிகள் வந்தால் முட்டியைத் திட்டுவார். படத்தில் அந்தக் குடும்பத்தின் அப்பாவாக நடித்தவர் பெரிய நட்சத்திரம். அவருக்கு உயரத்தில் இருக்கும் பந்தைப் பார்த்துப் பேச வரவே இல்லை. பேசப் பேசக் கண் தானாகக் கீழே இறங்கிப் பச்சை வலையைப் பார்க்கும். இரண்டு வசனங்களுக்கு நடுவே, வலைக்குள்ளிருந்து, "மேல பாருப்பா, மேல. என் மூஞ்சில இன்னா எய்தி ஒட்டிக் கீது?" என்று முணுமுணுப்பு கேட்கும். அடுத்த டேக்கிலும் நட்சத்திரம் கீழேதான் பார்ப்பார். "இவனுக்கு சொல்றதுக்கு பதுலு அந்தப் பந்த என் மூக்குல ஒட்டிடலாம்."

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்வேன். அவர் போசரியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த ஆளு பேரு என்ன?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நாள் பூரா கேட்டுக்கிட்டு இருக்க, பேரு தெரியாதா?" என்றார். அவர் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சந்தர்ப்பம் எதுவும் கேமரா முன்னால் வரவில்லை.

படத்தின் கடைசியில் ஒரு பிரிவுக் காட்சி உண்டு. முள்ளம்பன்றியைத் தேடிக்கொண்டு அதன் அம்மா காட்டிலிருந்து வந்துவிடுகிறது. அது அம்மாவோடு போக முடிவு செய்கிறது. அந்த வீட்டுச் சிறுமி கட்டடத்தின் கேட் வரை ஓடி வந்து அதைக் கட்டிக்கொள்கிறாள். நடித்த குழந்தைக்கு ஏழு வயது இருக்கும். அன்றைக்கு அவளுக்கு முடியவில்லை. அழ வேண்டிய இடத்தில் கொட்டாவி விட்டாள், ஓடி வர வேண்டிய இடத்தில் நின்று அழுதாள். பல டேக்குகள் போன பிறகு ஒன்றில் ஓடி வந்து பச்சை உடைக்காரரின் இடுப்பைக் கட்டி வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் குனிந்து இரண்டு கைகளாலும் அவளைச் சுற்றிக்கொண்டார். தலைக்கு மேல் பந்து ஆடியது. அவர் குரல் மிக மெதுவாகக் கேட்டது.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல. தோ முடிஞ்சிடும். ஒண்ணுமில்ல."

குழந்தைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் தோள்கள் தளர்ந்து இறங்கியது தெரிந்தது. டைரக்டர் அந்த டேக்கைத்தான் எடுத்துக்கொண்டார்.

பார்க்கிறவர்களுக்கு அது நல்ல காட்சி. எனக்கு அதைவிட மோசமான காட்சி அந்தப் படத்தில் வேறு இல்லை. குழந்தையின் விரல்கள் பச்சைத் துணிக்குள் அழுந்தியிருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டும். கன்னம் முழுக்கப் பச்சைத் துணியின் சாயல் அடித்திருந்தது. முடியைப் பின்னிவிட்டிருந்தால் பிழைத்திருப்பேன், விரித்துவிட்டிருந்தார்கள். ஒவ்வோர் இழைக்கும் பின்னால் பச்சை. வாரக்கணக்கில் அந்த ஒரு காட்சியோடு உட்கார்ந்திருந்தேன். 'ஒண்ணுமில்ல, தோ முடிஞ்சிடும்' என்பதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. குழந்தைகளைச் சமாதானப்படுத்தத் தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அழித்துக் கொடுத்தும் காட்சி தேறவில்லை. முள்ளம்பன்றியை வரைகிற பையன் அதன் குனிவைப் பல விதமாகச் செய்து பார்த்தான். சூப்பர்வைசர் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு, "காஹீதரீ சுக்தய்," என்றார். ஏதோ தப்பாக இருக்கிறது. என்ன தப்பு என்று அவருக்கும் சொல்ல வரவில்லை. கடைசியில், அந்தப் பச்சை உடைக்காரரையே கூப்பிட்டு, கட்டிக்கொள்வதைப் பல கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. படப்பிடிப்பு மும்பையில் நடந்திருந்தாலும் ஆள் இங்கே தேஹு ரோட்டில்தான் இருக்கிறார், கூப்பிட்டால் வந்துவிடுவார் என்றார்கள்.

மழைக்காலம். அவர் வந்த அன்று நான் தேநீர் இடைவேளையில் இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போனேன். அங்கே பச்சைத் துணி கட்டிய ஓர் அறை உண்டு. வெளியே ஜன்னலோரம், கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் கையில் டீயோடு நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம், காதோரம் நரை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் பச்சை உடை துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் மனதில் வைத்திருந்தவரில் பாதிதான் இருந்தார். மீதி எல்லாம் பஞ்சு மூட்டை.

"வணக்கம்ண்ணே. நீங்க தமிழ்தானே?" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அரே வா! ஆமாம்மா, ஆமா. நீங்களும் தமிழா? இங்க யாரு தமிழ் பேசப் போறாங்கன்னு நெனச்சினே வந்தேன்."

அப்பா தேஹு ரோடு ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றார். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், ஆனால் இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மராட்டியில் குழந்தைகள் நாடகங்களில் பல வருடங்கள் நடித்திருக்கிறார். பெரும்பாலும் முகமூடி போட்ட வேஷங்கள். சிங்கம், பூசணிக்காய், ஒரு முறை இரண்டாவது நிலா. காலையில் லோக்கலில் சிவாஜிநகர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, நனைந்துகொண்டே வந்ததாகச் சொன்னார்.

"இந்த மழையில முட்டி வலி அதிகமா இருக்குமேண்ணே?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

டீயை வாயிலிருந்து எடுத்தார். "எந்த முட்டி வலி?"

"இல்ல..."

"நான் ஒங்ககிட்ட சொல்லவே இல்லியே."

மறைத்துப் பயனில்லை. காட்சிகளோடு ஒலியும் வருகிறது, கட் சொன்ன பிறகும் கேமரா சற்று நேரம் ஓடுகிறது, நான் கேட்கிறேன் என்று சொன்னேன். அவர் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். மழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எல்லாமே கேக்குதா?"

"எல்லாம் இல்லண்ணே. கேமரா ஓடுற வரைக்கும்."

"அந்த ஹீரோவ நான் பேசினது?"

"அதுவும்."

"மூக்குல பந்து?"

"ஆமா."

"ஐயய்யோ." நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "வேற யாரு கேட்டாங்க?"

"இங்க யாருக்கும் தமிழ் தெரியாதுண்ணே. எனக்கு மட்டும்தான்."

நெற்றியிலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராமல், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததைச் சொன்னேன்.

"கடைசிக் காட்சியில அந்தக் குழந்தைய எவ்வளவு நல்லா சமாதானப்படுத்தினீங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான்."

"நானா? இன்னா சொன்னேன்?"

"ஒண்ணுமில்ல, தோ முடிஞ்சிடும்னு."

சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அது பாப்பாவுக்கு சொல்லலம்மா."

அந்தக் காட்சி எடுத்த அன்று மதியம் அவர் மனைவி போன் செய்திருக்கிறார். பால் வாங்கப் போன அப்பாவை ஸ்டேஷன் பக்கத்தில் பைக் ஒன்று இடித்துவிட்டது, நினைவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று. இவர் அப்போது முழு உடையில் இருந்தார். போனையே உதவியாளர் ஒருவர் வலைக்கு வெளியே காதோடு பிடித்துக்கொண்டிருந்தார். தமிழில் பேசியதால் அவருக்கும் விஷயம் புரியவில்லை. உடையைக் கழற்றவே அரை மணி ஆகும். யூனிட் முழுக்க அந்தக் குழந்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. குழந்தை தூங்கி விழுந்துகொண்டிருந்தது. இந்த ஒரு ஷாட் முடியட்டும், சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்திருக்கிறார். அது முடியாமல் நீண்டுகொண்டே போயிருக்கிறது.

"எனக்கு நானே சொல்லிக்கினது அது. அந்தப் பாப்பா ஓடியாந்து புடிச்சுதா, எனக்கும் யாரையாச்சும் புடிச்சிக்கணும் போல இருந்துச்சி. புடிச்சிக்கினேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நான்தான் கேட்டேன். "அப்பா இப்ப..."

"அவரா? நல்லா கீறாரு. நான் மும்பைலருந்து அடிச்சி புடிச்சி வந்து பாத்தா, பெட்டுல சப்பளம் போட்டு உக்காந்துனு, சாப்பாட்டுல உப்பில்லன்னு நர்சோட சண்ட போட்டுனு கீறாரு." டம்ளரை எடுத்து ஆறிப்போன டீயைக் குடித்தார். "இப்ப எங்க எல்லாரையும் மேய்க்கிறாரு."

உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தைக்குப் பதிலாக ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அவர் உடையை மாட்டிக்கொண்டு பல கோணங்களில் அந்த மெத்தையைக் கட்டிப்பிடித்தார். கதவோரம் நின்று பார்த்தேன். சொன்னபடி குனிந்தார், சொன்னபடி தலையைச் சாய்த்தார். எங்கள் பையன் குறிப்பெடுத்துக்கொண்டான். மேலே வந்து அதை வைத்து மறுபடி வரைந்தான். மறுபடியும் சூப்பர்வைசருக்குத் திருப்தியில்லை.

நான் என் இடத்துக்கு வந்து அந்தக் காட்சியை, அழிக்காத மூலத்தில், முதலிலிருந்து ஓட்டினேன். ஹெட்போன் இல்லாமல் பார்த்தேன். குழந்தையின் முதுகில் இருந்த அவர் கையைப் பார்த்தேன். நான் வாரக்கணக்கில் அழித்த கைதான். அதன் ஓரங்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்திருக்கவில்லை. எங்கள் பையன் வரைந்த முள்ளம்பன்றி குழந்தையின் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் தட்டிக்கொடுக்கவில்லை. குழந்தையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தார். துணி அவர் விரல்களுக்கிடையில் சுருண்டிருந்தது.

பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவர் தட்டல. பிடிச்சுக்கிட்டு இருக்கார், பார்" என்று இந்தியில் சொன்னேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று முறை பார்த்தான். "ஆமா," என்றான். ஏன் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முள்ளம்பன்றியின் கையை மாற்றினான். பிடித்துக்கொண்டிருக்கும் கைக்கு ஏற்றபடி தோளும் மாறியது, தலையும் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

படம் கோடை விடுமுறைக்கு வெளியானது. அந்த வாரம் அவர் போன் செய்தார். அலுவலகத்துக்கு வந்த அன்றைக்கே நம்பர் வாங்கி வைத்திருந்தார். "தங்கச்சி, ஞாயித்துக்கெயம குடும்பத்தோட போறோம். சிஞ்ச்வட் மால்ல. நீங்க கட்டாயம் வரணும். நான் எங்க கீறேன்னு இவங்களுக்குக் காட்ட ஒரு ஆளு வேணும்." என் கணவருக்கு ஷிப்ட். நான் மட்டும் போனேன்.

மாலின் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அவர் மனைவி பால்வாடி டீச்சர், ஒரு நிமிடம் சும்மா நிற்கத் தெரியாதவர். மகளுக்கு எட்டு வயது. வெள்ளைச் சட்டையில் அவர் அப்பா. வந்ததிலிருந்து செக்யூரிட்டிக்காரர்கள் எப்படிப் பையைச் சோதிக்கிறார்கள் என்பதையே கவனித்துக்கொண்டிருந்தார். டெப்போவில் இப்படியா விடுவோம் என்று என்னிடம் சொன்னார். பார்த்து அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

படம் ஆரம்பித்தது. மகள் எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில். முள்ளம்பன்றி வந்ததும் என் பக்கம் சாய்ந்து, "அப்பா எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"இருக்காருன்னு சொல்லு," என்றார் அம்மா.

"அப்பா எங்க இருக்காரு?"

"அந்த முள்ளம்பன்றிக்கு உள்ள," என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நம்பவில்லை. அவளை நம்பவைக்க என்னிடம் எதுவும் இல்லை. அவர் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்திருந்தார்கள். இரண்டு மூன்று இடங்களில், இதோ இந்த நடை அப்பாவுடையது என்று காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டினாள்.

பிறகு முள்ளம்பன்றி சோபாவில் உட்காரப் போனது. உட்காருவதற்கு முன் புறங்கையால் இருக்கையை ஒரு முறை தொட்டுப் பார்த்தது. தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் மனைவி மட்டும் வெடித்துச் சிரித்தார்.

"ஐயோ, இவரேதான்! இவரேதான்! வூட்ல எங்க உக்காந்தாலும் இப்டித்தான், தொட்டுப் பாக்காம உக்கார மாட்டாரு!"

மகளும் எழுந்து நின்றுவிட்டாள். "ஹா! அப்பாதான்! அப்பாதான்!"

அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டைரக்டர் சொல்லிச் செய்தது என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. திரும்பும்போது தெரிந்தது, காதைச் சொறியும்போது தெரிந்தது, கதவை இடுப்பால் தள்ளிச் சாத்தும்போது தெரிந்தது. அம்மாவும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு கண்டுபிடித்தார்கள். முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "ஷாந்த் பஸா நா," என்று அமைதியாக இருக்கச் சொன்னார். பச்சை உடைக்காரர் வெட்கத்தில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. சிறுமி ஓடி வந்தாள், முள்ளம்பன்றி குனிந்து அவளைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெரிய நடிகரின் குரல் இந்தியில் ஏதோ நல்ல வசனம் சொன்னது. மகள் மூக்கை உறிஞ்சினாள். நான் பக்கவாட்டில் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசி இருக்கையில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ஸ்டேஷன் பக்கம் வடா பாவ் சாப்பிட்டோம். மகள் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள், "ஆண்டி, அப்பாவ மிட்டாயா, அது நீங்களா?"

மிட்டாயா என்றால் அழித்தது. "ஆமா, நான்தான்."

"க்யூ? ஏன்?"

"முள்ளம்பன்றி நிக்க இடம் வேணும்ல?"

யோசித்தாள். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். அடுத்து, அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரை அழிக்க முடியுமா என்று கேட்டாள். அவள் தாத்தா குறுக்கிட்டு, "அத்த அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல எங்க ரோட்ல கீற குண்டு குயியெல்லாம் அய்ச்சி குடும்மா," என்றார். மழைக்கு முன்னால் முடியுமா என்றும் கேட்டார்.

தேஹு ரோடு போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று டிரைவர் கிளம்ப மறுத்தார். பெரியவர் அவரோடு மராட்டியில் சண்டை போட்டு, ஜெயித்து, முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். "வூட்டுக்குப் போயி போன் பண்ணு தங்கச்சி," என்று பச்சை உடைக்காரர் பின்னாலிருந்து தலையை நீட்டிச் சொன்னார். எனக்கு பஸ் கிடைக்க வெகுநேரமாயிற்று.

சாங்வி வந்து சேர்ந்ததும் போன் செய்தேன். எடுத்தது பெரியவர்.

"வந்துட்டியாம்மா? நல்லது. நல்ல படம். ஆனா கடைசில இன்னா ஆச்சின்னு புரியல."

நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. "அந்த முள்ளம்பன்றியோட அம்மா தேடி வந்துடுதுப்பா. அது அம்மாவோட காட்டுக்குப் போயிடுது."

"அந்தக் கொயந்த?"

"கட்டிப்பிடிச்சு அழுதா."

"வுட்டுட்டுதா அவள?"

"கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டு, விட்டுட்டுச்சு."

"ம்." பின்னால் டிவி ஓடும் சத்தமும் மருமகள் யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தமும் கேட்டன. "அம்மா கெடச்சிட்டாங்க இல்ல. அது போதும்," என்று சொல்லி, போனை மகனிடம் கொடுத்தார்.